பிளாஸ்டிக் போட்ட நார்மல் ரிப்போர்ட்

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் நான்கு இருந்தன. பிள்ளையார் படம், முருகன் படம், அம்மன் படம், என் கணவரின் விந்துப் பரிசோதனை ரிப்போர்ட். வெள்ளிக்கிழமை தவறாமல் நான்குக்கும் குங்குமம் வைப்பார் என் மாமியார்.

அந்த ரிப்போர்ட்டுக்கு பிளாஸ்டிக் போட்டவளே நான்தான். பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாணமாகி மூன்றாவது வருஷம், மீன் வாங்க வந்த அத்தை கூடையோடு கடைக்குள் நுழைந்து, முந்தானைக்குள்ளிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"இதுக்கு பிளாஸ்டிக் போட்டுக் குடு. நனஞ்சி கினஞ்சி போயிடப் போவுது."

"வீட்டுக்குள்ள எப்படி அத்த நனையும்?"

"நீ போடு. சொல்றேன்."

போட்டேன். கடைசி வரியில் 'நார்மல்' என்று தடித்த எழுத்தில் இருந்தது. அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தை எந்த இடத்தில் இருக்கிறது என்று நர்ஸிடம் கேட்டு, விரலால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். அன்று முதல் வீட்டுக்கு யார் வந்தாலும், காபிக்கு முன்னால் அந்த ரிப்போர்ட் வரும். மகனிடம் குறை இல்லை என்றால் குறை யாரிடம்? வீட்டில் மீதி இருப்பது நானும் அத்தையும். அத்தைதான் ஏற்கெனவே ஒன்று பெற்றுவிட்டாரே.

என்னை மட்டும் சும்மா விட்டார்களா? ஸ்கேன், ரத்தம், கருக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து ஏற்றி எக்ஸ்ரே. என் உடம்பில் டாக்டர்கள் பார்க்காமல் விட்டது உள்ளங்கால் ஒன்றுதான். எல்லாம் நார்மல் என்றே வந்தது. அவற்றுக்கு யாரும் பிளாஸ்டிக் போடவில்லை. இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் இரண்டாம் மாசத்திலேயே கலைந்தது. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தபோது, அலமாரியில் அந்த ரிப்போர்ட் பளபளவென்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி ஜன்னல் வழியாக வீசிவிடலாமா என்று நினைத்தேன். நான் போட்ட பிளாஸ்டிக் அவ்வளவு தரம், எங்கே விழுந்தாலும் கெட்டுப்போயிருக்காது.

ஆறாவது வருஷம் டாக்டரை மாற்றினோம். புது டாக்டர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும், வேகமாகப் பேசுவார். என் ஃபைலை முழுக்கப் புரட்டிவிட்டு, "எல்லாமே உங்களுதா இருக்கே. உங்க வீட்டுக்காரருது எங்கே?" என்றார்.

"அவருக்கு நார்மல் டாக்டர். மூணு வருஷம் முன்னாடியே பாத்தாச்சு."

"அதுல எண்ணிக்கையும் ஓட்டமும்தாம்மா பாப்பாங்க. எத்தனை இருக்கு, எப்படி நீந்துதுன்னு. உள்ள இருக்கிற டி.என்.ஏ. ஒடஞ்சிருக்கான்னு அதுல தெரியாது. ரெண்டு தடவை கலைஞ்சிருக்கு, அதனால அதையும் பாத்துடலாம்."

எனக்குச் சட்டென்று புரிந்தது. பதினோரு வருஷமாக ஜெராக்ஸ் மெஷின் முன்னால் நிற்கிறவள் நான். மெஷின் ஜம்மென்று ஓடும், தாள் சரசரவென்று வந்து விழும், ஆனால் ஒரிஜினலில் கிழிசல் இருந்தால் வருகிற ஒவ்வொரு காப்பியிலும் கோடு விழும். அதற்கு மெஷினைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ஆறு வருஷமாக எல்லோரும் மெஷினைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

இனி அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவர் பேக்கரி மாஸ்டர். விறகு அடுப்பில் ரொட்டி சுடுகிற பழைய பேக்கரி. அடுப்பின் வாய் சரியாக இடுப்பு உயரத்தில் இருக்கும். நீளக் கட்டைத் துடுப்பால் ரொட்டியை உள்ளே தள்ளி, வெளியே இழுத்து, தினம் எட்டு மணி நேரம் அந்த அனலுக்கு நேராக நிற்பார். ஆள் வாட்டசாட்டமானவர், நல்ல மனசு, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. தன்னைப் பற்றிய விஷயம் என்றால் மட்டும் சிரிப்பு வராது.

வீட்டுக்கு வந்து டெஸ்ட் விஷயத்தைச் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது.

"டி.என்.ஏ. டெஸ்ட்டா? அது யாரு கொழந்தன்னு கண்டுபுடிக்கிற டெஸ்ட்டாச்சே! கொழந்தையே இல்லாத வூட்ல யாரு அப்பன்னு தேட வந்துட்டாங்களா?"

டி.வி. செய்தியில் பார்த்த அறிவு அவ்வளவு. அது வேறு, இது வேறு என்று இரண்டு நாள் பாடம் எடுத்தேன். மூன்றாம் நாள் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. கார்த்திகை பிறக்கப்போகிறது, வழக்கம்போல் மாலை போட்டு மலைக்குப் போய் வந்து, சுத்தமான உடம்போடு டெஸ்ட் கொடுப்பார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நாற்பத்தெட்டு நாள் விரதம், பச்சைத் தண்ணீரில் குளியல், தரையில் தனிப் படுக்கை, மீன் இல்லை, சிகரெட் இல்லை. இதைவிடச் சுத்தமான ஒரு ஆம்பளையை எந்த லேப் பார்த்திருக்கும்? அவர் மலையிலிருந்து திரும்பிய மறுநாளுக்கு லேபில் நேரம் வாங்கிவைத்த புத்திசாலி நான்தான்.

லேபில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். கடைசியாகச் சேர்ந்து எத்தனை நாள் ஆகிறது என்று ஒரு கேள்வி. என் கணவர் பேனாவை வாங்கி, முதல் மார்க் எடுத்த பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, பெரிதாக எழுதினார்: ஐம்பத்தொன்று.

கவுன்ட்டரில் இருந்த பெண் அதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். நெற்றியில் இன்னும் சந்தனம் இருந்தது.

"சார், சாமிக்கு மால போட்டு இருந்தீங்களா?"

"ஆமாம்மா. நேத்துதான் மாலய கழட்டுனேன்."

"இந்த மாசத்துல நீங்க நாலாவது ஆளு சார். ரெண்டு நாள்லேர்ந்து அஞ்சு நாளுக்குள்ள இருக்கணும். அதுக்கு மேல போனா உள்ளயே தங்கித் தங்கி நெறைய ஒடஞ்சிருக்கும். ரிசல்ட்டு இன்னும் மோசமாத்தான் வரும்."

"நான் அவ்ளோ சுத்தமா இருந்தேனேம்மா!"

"நீங்க சுத்தம்தான் சார். உள்ள இருக்குறது பழசு."

வேறு யாருக்காவது இது புரிய நேரமாகியிருக்கும். ரொட்டிக்காரருக்கு உடனே புரிந்தது. ஸ்கூட்டரில் திரும்பும்போது தனக்குத்தானே முனகிக்கொண்டு வந்தார், "நேத்து ரொட்டியையே நான் விக்கவுட மாட்டேன்."

பின்னால் உட்கார்ந்து நான் வேறு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். குழந்தை வேண்டுமென்று வேண்டிக்கொண்டு ஆறு வருஷமாக மாலை போடுகிறார். ஆறு நாற்பத்தெட்டு இருநூற்று எண்பத்தெட்டு. பத்து மாசத்துக்குப் பக்கம். ஒரு பிள்ளை வயிற்றில் வளர எவ்வளவு காலம் வேண்டுமோ அவ்வளவு காலத்தையும், அந்தப் பிள்ளை வேண்டுமென்றே தனித்தனியாகப் படுத்துக் கழித்திருந்தோம். நான் சாமியைக் குறை சொல்லவில்லை. மேலே இருந்து பார்த்துக்கொண்டு, இந்த ரெண்டு பேரை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது என்று அவரும் தலையில் கை வைத்திருப்பார்.

டாக்டர் அம்மா புது உத்தரவு போட்டார். முதலில் ஒரு வாரம் கணவன் மனைவியாக இருக்க வேண்டும், பிறகு மூன்று நாள் இடைவெளி, பிறகு டெஸ்ட். முதலியார்பேட்டையில் எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு ஹாலும். ஹாலில் அத்தை. அத்தைக்குத் தூக்கத்தில்கூடக் காது கேட்கும். எனவே குருசுக்குப்பத்தில் இருக்கும் அத்தையின் தங்கை வீட்டுக்கு அவரை அனுப்ப ஏற்பாடு நடந்தது.

"சித்தி உன்ன பாக்கணும்னு சொல்லிச்சும்மா," என்றார் இவர்.

"போன வாரம்தானடா கோயில்ல பாத்தேன்."

"அது கூட்டத்துல பாத்தது. தனியா பாக்கணுமாம்."

அத்தை பத்து நாள் போனார். அந்தப் பத்து நாளும், உண்மையைச் சொன்னால், டெஸ்ட்டை மறந்தே போனோம். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு சிரித்ததில்லை.

டெஸ்ட் நாளில், வீட்டிலேயே சாம்பிள் எடுத்து அரை மணிக்குள் லேபுக்குக் கொண்டுவரலாம், உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். டப்பாவைப் பனியனுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் பின்னால் உட்கார, நான் வண்டி ஓட்டினேன். எங்கள் ஊருக்கு வருகிற ரயில்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று, நாங்கள் வந்த நேரத்துக்குச் சரியாக வந்து ரயில்வே கேட்டை மூட வைத்தது. பக்கத்து வண்டியில் அவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர்.

"இன்னா மாஸ்டர், நெஞ்ச புடிச்சிக்கினு போறீங்க? வலியா?"

"கேஸ் ட்ரபுள்."

"எறங்கி நாலு அடி நடங்க மாஸ்டர், சரியாயிடும்."

"நடந்தா ஆறிடும்யா," என்றார் இவர். அந்த ஆள் இன்றுவரை அதற்கு அர்த்தம் தேடிக்கொண்டிருக்கிறார். கேட் திறந்ததும் நான் ஓட்டிய வேகத்தை போலீஸ் பார்த்திருந்தால் லைசென்ஸ் போயிருக்கும். இருபத்தாறாவது நிமிஷத்தில் டப்பாவைக் கொடுத்தோம்.

ரிசல்ட் வந்தது. முப்பத்தெட்டு.

"பாஸ்!" என்றார். லேப் வாசலிலேயே என் தோளைத் தட்டினார். "முப்பத்தஞ்சு எடுத்தா பாஸ்தானே? மூணு மார்க் மேலயே இருக்கு." பத்தாம் வகுப்பில் கணக்கில் முப்பத்தைந்து வாங்கித் தப்பித்தவருக்கு, முப்பத்தெட்டு என்பது பெரிய கௌரவம். எனக்கும் அந்த எண்ணுக்கு அர்த்தம் தெரியாது. வழியில் அரைக் கிலோ வஞ்சிரம்கூட வாங்கிவிட்டோம்.

மறுநாள் டாக்டர் அம்மா மென்மையாகத்தான் சொன்னார். இது மார்க் இல்லை. நூறில் முப்பத்தெட்டு உடைந்திருக்கிறது. எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கரு கலைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. பயப்பட வேண்டாம், புதிதாக உருவாகி வர ஏறக்குறைய மூன்று மாசம் ஆகும், அதுவரை அடுப்பு அனலும் சிகரெட்டும் கூடாது, இந்த மாத்திரைகள், பிறகு மறுபடி பார்ப்போம் என்றார்.

என் கணவர் வீட்டுக்கு வந்து கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்தார். எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். சந்தோஷமாக இருந்தது. ஆறு வருஷமாக என் தலையில் இருந்த மூட்டையில் பாதியை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு டம்ளர் காபி ஆறுகிற நேரம்கூட நிற்கவில்லை. எட்டிப் பார்த்தேன். அந்தப் பெரிய உடம்பு குனிந்து, தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது. ரொட்டித் துடுப்பு பிடித்துக் காய்ப்பு ஏறிய கைகள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லாத," என்றார்.

அந்த நிலையில் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? தலையாட்டினேன். தலையாட்டிய மறுநொடியே கோபமும் வந்தது.

அடுப்பிலிருந்து மாவு மேஜைக்கு மாறினார். இளைப்பு வருகிறது, டாக்டர் அனல் கூடாது என்றார் என்று அத்தையிடம் ஒரு கதை. அத்தை தூதுவளை ரசம் வைத்துக் கொடுத்தார், இல்லாத இளைப்புக்கு இவர் மூன்று மாசம் குடித்தார். சிகரெட்டை விட்டார், எரிந்து எரிந்து விழுந்தார், பிறகு பழகிவிட்டார். நடுவில் தை மாசமே அத்தை அம்மனுக்கு ஒரு வேண்டுதல் வைத்திருந்தார்: ஆடி மூன்றாம் வெள்ளி மருமகள் மண்சோறு சாப்பிடுவாள். ஏற்கெனவே இரண்டு ஆடியில் சாப்பிட்டவள் நான். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கோயில் தரையில் வரிசையாக மண்டியிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெறும் தரையில் போடும் படையல் சோற்றைக் குனிந்து வாயால் எடுத்துத் தின்ன வேண்டும். தெருவே நின்று பார்க்கும். யாருக்குக் குறை என்று தெரு தெரிந்துகொள்ள அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

வைகாசியில் இரண்டாவது டெஸ்ட். ரிசல்ட்டை வாங்கிக்கொண்டு நேராக என் கடைக்கு ஓடி வந்தார். கடையில் கூட்டம்.

"ஃபெயிலு!" என்று கத்தினார். "இருபத்தொண்ணு! நான் ஃபெயிலாயிட்டேன்!"

மகனின் மார்க் ஷீட்டைக் காப்பி எடுக்க வந்த ஒரு அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்து, "இந்த வயசுலயும் எழுதுறீங்களே தம்பி, அதுவே பெருசு," என்று ஆறுதல் சொன்னார். நான் மெஷினுக்குப் பின்னால் குனிந்து சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

டாக்டர் அம்மாவும் திருப்தியாகத் தலையாட்டினார், இனி முயற்சி செய்யலாம் என்றார். அன்று சாயங்காலம் அவரிடம் கேட்டேன், "இப்பவாவது அத்தைகிட்ட சொல்லலாமா?"

"அதான் சரியாயிடுச்சே. சரியானத எதுக்கு சொல்லிக்கினு?"

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! "உங்க குறை தெரிஞ்சு மூணு நாலு மாசம்தான் ஆவுது, அதுவும் வெளிய யாருக்கும் தெரியாம. என் மேல போட்ட குறை ஆறு வருஷமா தெருவுக்கே தெரியும். அதுவும் இல்லாத குறை. ஆடிக்கு மண்டி போடப்போறது யாரு, நீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்தினேன். எவ்வளவோ நல்லவர், ஆனால் அம்மா முன்னால் வாய் திறக்கத் தெரியாதவர் என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். நானே சொல்லியிருக்கலாம். அவர் வாயிலிருந்து வந்தால்தான் அதற்கு மதிப்பு என்று பிடிவாதமாக இருந்தேன்.

ஆடி மூன்றாம் வெள்ளி. எங்கள் தெருமுனை அம்மன் கோயில். கழுவிவிட்ட தரை வெயிலில் அதற்குள் காய்ந்துவிட்டது. ஏழு பெண்கள், ஏழாவது நான். ஈர மஞ்சள் புடவை, பின்னால் கட்டிய கை. அத்தை கூட்டத்தின் முன்வரிசையில், கையில் தீர்த்தச் சொம்போடு. பூசாரி சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். என் முன்னால் போட்டார். குனியப் போனபோது, பக்கத்தில் தொப்பென்று யாரோ மண்டியிடும் சத்தம்.

மாவு படிந்த பேன்ட்டோடு என் கணவர். பேக்கரியிலிருந்து அப்படியே வந்திருக்கிறார்.

பூசாரி தயங்கினார். "தம்பி, இது பொம்பளைங்க வரிச."

"தெரியும் சாமி. எனக்கும் போடுங்க."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அத்தை முன்னால் வந்தார். "டேய், எழுந்திரிடா, மானம் போவுது. உனக்குத்தான் நார்மலுன்னு எழுதியே குடுத்துருக்காங்களே!"

"அது பழசும்மா." எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். "புது டெஸ்ட்டு எடுத்தேன். உள்ள ஒடஞ்சி இருந்தது என்னுது. இவளுக்கு ஒண்ணும் இல்ல. எப்பவுமே இல்ல. இத்தன மாசமா உன்கிட்ட பொய் சொன்னேன். எனக்கு இளைப்பும் இல்ல."

சிரிப்பு நின்றுவிட்டது. பூசாரி ஒரு கணம் அம்மனைப் பார்த்தார், பிறகு குனிந்து ஒரு கை சோறு அவர் முன்னாலும் போட்டார். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். பழக்கமில்லாத ஆள், மூக்கு முதலில் தரையில் இடித்தது. ஒரு வாய் எடுத்து மென்றுவிட்டு, என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்:

"உப்பே இல்ல. இதயா ரெண்டு வருஷமா தின்ன?"

நான் அழுதேன். சோறு உப்பில்லாமல் இருந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அத்தை வீட்டுக்கு வந்ததும் தீர்த்தச் சொம்பை முதலில் என் கையில் கொடுத்தார், வழக்கமாக மகனுக்குத்தான் முதலில். சாயங்காலம் நான் விளக்கேற்றப் போனபோது சாமி அலமாரியில் மூன்றே படங்கள் இருந்தன. நான் கேட்கவில்லை. ராத்திரி தோசை ஊற்ற மாவுப் பாத்திரத்தை எடுத்தேன். மூடி தொலைந்து ஒரு மாசமாகிறது. பாத்திரத்தின் மேல், குங்குமம் துடைக்கப்பட்டு, நார்மல் என்ற எழுத்து மேலே தெரியும்படி, கச்சிதமாக மூடியிருந்தது அந்த ரிப்போர்ட்.